பழைய மோட்டார் சைக்கிளைப் புதுக்கும் வகை

வன்னிப் பெருநிலப்பரப்பின் கிராமங்களுக்குச் செல்வோர், வேலியோரத்திலேனும் மாட்டுக் கொட்டிலின் மூலையிலேனும் கறளேறிச் சாய்ந்து நிற்கும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் காணாது மீளுதல் அரிது. பழைய இரும்பு வாங்குவோர் படலையில் வந்து நின்று, அதனை நிறைக்கு விலை பேசுகின்றனர். வீட்டார் சிலர் கொடுத்துவிடுகின்றனர். சிலர் கொடுக்க மனம் ஒருப்படாது அவ்வாறே விட்டுவைக்கின்றனர். கொடுத்தலும் விட்டுவைத்தலும் அன்றி மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது திருத்தி மீண்டும் ஓடச் செய்தலாகும். அவ்வழியை ஒருமுறை நடந்து பார்த்த பழைய மாணவர் சிலராகிய நாம், அங்கே கண்டவற்றையும் கற்றவற்றையும் இம்மலரின் வாயிலாக ஏனையோருக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட வண்டி ஹொண்டா சி 90. எம்முள் ஒருவரின் தந்தையாருக்குரியது. அவர் கிளிநொச்சி மாவட்டத்திலே ஆசிரியராயிருந்து அமரரானவர். இரும்பு வியாபாரி விலை பேசிச் சென்ற அன்று, “அப்பாவின்ரை சைக்கிளை நிறுத்து விக்கப் போறியளோ?” என்று நண்பரின் தாயார் கேட்ட ஒரு கேள்வியே எம்மை இவ்வேலையில் இறக்கியது.

இவ்வகை வண்டியின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் உதிரிப்பாகம் தேடுவார்க்குப் பயன்படும். யப்பானின் ஹொண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டில் ‘சுப்பர் கப்’ என்னும் சிறு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அதன் வழித்தோன்றல்களே சி 50, சி 70, சி 90 என்பன. யப்பானிய அஞ்சற்காரருக்கென ஆக்கப்பெற்று, எம்மவரிடையே ‘எம்.டி. 90’ என்று பெயர் பெற்ற சிவப்பு வண்டியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 2017ஆம் ஆண்டளவில் இக்குடும்ப வண்டிகளின் உற்பத்தித் தொகை 10 கோடியைத் தாண்டிற்று. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் இத்தொகையில் உற்பத்தியானதில்லை. இதனால் வரும் நன்மை யாதெனில், வண்டி ஐம்பது ஆண்டு பழையதாயினும் அதற்குப் பொருந்தும் பாகங்களை யாரோ எங்கோ இன்றும் செய்துகொண்டிருக்கின்றனர் என்பதே.

வன்னியில் இவ்வண்டிகள் பட்ட பாடு பிறிதோரிடத்திலும் பட்டிராதவை. 1990ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபின் ஏற்பட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டப் பழகினர். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர் பெறாது. ஆதலின் சிறு போத்தலிலே காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரினுள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ 9 பாதை திறந்தபோது பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வந்தன; 2006இல் முகமாலையில் அப்பாதை மீண்டும் அடைபட்டது. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்விலே இவ்வண்டிகள் அரிசி மூடைகளையும் பாய் தலையணைகளையும் முதியோரையும் சுமந்து கிழக்கு நோக்கிச் சென்றன. இறுதியில் முள்ளிவாய்க்காற் கரையிலும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியின் இருமருங்கிலும் எண்ணிறந்த வண்டிகள் கைவிடப்பட்டுக் கிடந்தன. மீள்குடியேறிய பின் தம் வண்டியை இனங்கண்டு மீளப் பெற்றோர் சிலர், பெறாதோர் பலர். எம் நண்பரின் தந்தையார் முன்னவருள் ஒருவர். உடுத்த துணியோடு வந்தபோதும் பதிவுப் புத்தகத்தைப் பொலித்தீன் பையிற் சுற்றி மடியில் வைத்திருந்தமையே அதற்குக் காரணம். ஆயினும் வண்டியை ஓடச் செய்ய அவருக்கு வாய்க்கவில்லை. அது மாமரத்தடியிலே மழையிலும் வெயிலிலும் நின்றது.

முதற்கண் ஆராய வேண்டியவை

வண்டியிற் கைவைக்குமுன் அதன் ஆவணத்திற் கண் வைத்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் வண்டியில் அடிக்கப்பட்டுள்ள இலக்கங்களோடு ஒத்திருத்தல் இன்றியமையாதது. கறள் மூடிய இலக்கத்தை அரத்தால் அராவுதல் ஒருபோதும் ஆகாது. அராவிய இலக்கம் களவு வண்டியென்னும் ஐயத்துக்கு இடமளிக்கும். எண்ணெயில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, அதன்மேல் மெல்லிய தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துக்கள் தாளிலே தெளிவாக விழும். போரிலே பழுதான எஞ்சினைக் கழற்றி வேறொன்றைப் பூட்டிய வண்டிகள் வன்னியிற் பல உள. அத்தகையவற்றை எவ்வளவு அழகாகத் திருத்தினும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியாது வீதியில் ஓட்ட இயலாது. உரிமையாளர் இறந்திருப்பின் உரிமை மாற்றமும் செய்தல் வேண்டும். இவை தீராத வண்டிக்குப் பணம் செலவிடுதல் புத்தியாகாது.

அடுத்தது கழுவுதல். கடற்கரையில் நின்ற வண்டியின் மூட்டுகளிலே உப்புத் தங்கியிருக்கும். வன்னியின் செம்மண் தூசு ஈரத்தை ஈர்த்து வைத்திருக்கும். நன்னீரால் பலமுறை கழுவி, உலர்த்தி, ஒவ்வொரு திருகாணியிலும் எண்ணெய் விட்டு இரண்டொரு நாள் விட்டுவைத்தல் நன்று. கழற்றும் பாகங்களை ஒழுங்காக வைத்தற்குப் பழைய பால்மாத் தகரங்கள் போதும். ஒவ்வொரு தகரத்திலும் எவ்விடத்துப் பாகமென்று எழுதி ஒட்டுக. கழற்றுமுன் கைத்தொலைபேசியிற் படம் எடுத்து வைத்தல் இக்காலத்தார்க்குக் கிடைத்த பெரும் வசதியாகும்.

இறுகிய எஞ்சின்

பதறிய காரியம் சிதறும் என்பதை நாம் இங்கேதான் கற்றோம். வண்டியைக் கண்ட மகிழ்ச்சியில் எம்முள் ஒருவர் உதைமிதியில் ஏறி ஓங்கி மிதித்தார். எஞ்சின் அசையவில்லை, உதைமிதித் தண்டின் பற்கள் மழுங்கின. இல்லாத செலவொன்றை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொண்டோம்.

நீண்டகாலம் நின்ற எஞ்சினில் நிகழ்வது இது: சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பாலானது, பிஸ்ரன் அலுமினியத்தாலானது, அதனைச் சூழ்ந்த வளையங்கள் மீண்டும் இரும்பு. வால்வு திறந்த நிலையில் வண்டி நிற்பின் மாரிகால ஈரக்காற்று உள்ளே புகும். சுவரிலும் வளையங்களிலும் கறள் பிடித்து அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதற்கு மருந்து பொறுமையே. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தின் வழியே டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து சிறிதளவு ஊற்றி, ஒரு கிழமையேனும் ஊறவிடுதல் வேண்டும். பின்னர் இடப்பக்க மூடியைக் கழற்றி, பறக்குஞ் சில்லின் நடுவேயுள்ள நட்டில் ஸ்பானரை வைத்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தல் வேண்டும். ஒரு நூலளவு அசைந்தாலும் வெற்றியே. மீண்டும் எண்ணெய் விட்டு மறுநாள் அசைக்க. எமது எஞ்சின் ஒன்பதாம் நாள் முழுச் சுற்றுச் சுற்றியது. சுற்றிவிட்டதென்று உடனே உதைத்து ஓட்டலாகாது. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தேயாக வேண்டும்.

கழற்றிப் பார்த்தபோது, மண்ணெண்ணெய்க் காலத்தின் தடயங்கள் யாவும் அங்கே இருந்தன. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத துளிகள் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடித்தொட்டியிலுள்ள ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். இவ்வண்டிகளில் எஞ்சினுக்கும் பற்சில்லுப் பெட்டிக்கும் கிளட்சுக்கும் ஒரே ஒயிலாதலின், அது நீர்த்தால் மூன்றும் தேயும். முற்றும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் தலையிலும் வெளியேற்று வால்விலும் கரியாகப் படியும். எமது பிஸ்ரனின் தலையிற் கரி ஒரு தகட்டைப் போலப் படிந்திருந்தது. அதனை இரும்பாற் சுரண்டாது, மூங்கிற் சீவலாலும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும் நீக்கினோம்.

சிலிண்டர்ச் சுவரிலே கறள் குழிகள் விழுந்திருந்தமையால், கடைசற் பட்டறையிற் கொடுத்து விட்டத்தைப் பெருப்பிக்க வேண்டியதாயிற்று. இதற்கென மூலவிட்டத்திலும் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடிய பிஸ்ரன்கள் படிமுறையாக விற்கப்படுகின்றன. முதலிற் பிஸ்ரனை வாங்கி, அதனை அளந்து, அதற்கேற்பவே சிலிண்டரைக் கடைவித்தல் முறை. சிலிண்டரைக் கடைந்தபின் பிஸ்ரன் தேடப் புறப்படுதல் காலை வெட்டியபின் செருப்பு வாங்கப் போவதை ஒக்கும். எமக்கு 0.25 போதாது 0.50 வேண்டியதாயிற்று.

ஏனைய உறுப்புகள்

பெற்றோற் தாங்கியின் உட்புறம் கறளாயின் காபரேற்றர் ஒருநாளும் நேராக வேலை செய்யாது. குழாயைக் கழற்றி அடைத்து, தாங்கி நிறைய விநாகிரி ஊற்றி இரண்டொரு நாள் விடுக. பின்னர் சிறு நட்டுகளை உள்ளிட்டுக் குலுக்கி வெளியேற்றி, அப்பச்சோடாக் கரைத்த நீரால் அலசிப் புளிப்பைப் போக்கி, வெயிலில் உடனே உலர்த்தி, ஒயில் கலந்த பெற்றோலை உள்ளே சுழற்றி விடுதல் வேண்டும். தாமதித்தால் ஒரே இரவிற் புதுக்கறள் பிடித்துவிடும். துளை விழுந்த தாங்கியை ஒட்டுவிக்க வேண்டின், பெற்றோல் ஆவி முற்றும் நீங்கும்வரை கழுவாது நெருப்பின் அருகே கொண்டு செல்லற்க. வெறுந்தாங்கி என்று எண்ணி உயிரிழந்தோர் உளர்.

காபரேற்றரிலுள்ள சிறு ஊசித்துளைகள் பழைய எரிபொருள் வற்றிப் பிசினாகி அடைத்திருக்கும். இரும்பூசியாற் குத்தினால் துளை பெருத்துவிடும். ஊறவைத்துக் காற்றடித்தே திறத்தல் வேண்டும்.

தீப்பொறி உண்டாக்கும் பகுதியில், தொடுமுனைகளின் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. வரையும், ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரையும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.05 மி.மீ. அளவும் இருத்தல் வேண்டும். இடைவெளித் தகடு ஒன்று வாங்கி வைத்திருப்பவர்க்கு இவை கடினமல்ல. இக்காலத்துப் பழைய சி 90 வண்டிகள் 6 வோல்ற்று மின்னில் இயங்குவன. கடையிற் கிடைக்கிறதென்று 12 வோல்ற்றுப் பற்றறியை வைத்தால் விளக்குகள் உடனே எரிந்துபோகும். ஓடத் தொடங்கிய பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் நோயாளியின் நாக்கைப் பார்ப்பது போன்றது. இளங்கபில நிறம் நலம். புகைக்கரி படிந்திருப்பின் எரிபொருள் மிகை. வெண்மையாக வெளிறியிருப்பின் எரிபொருள் குறைவு, அல்லது சூடு மிகை.

உதிரிப்பாகம் தேடும் முறை

பழைய வண்டி புதுக்குவோரைச் சோர்வடையச் செய்வது பாகம் கிடையாமையே. நாமும் முதலில், “சி தொண்ணூறு பிஸ்ரன் இருக்குதோ?” என்று பெயர் சொல்லிக் கேட்டு, ஒரு கடையிற் கொடுத்ததை வாங்கி வந்து ஏமாந்தோம். அது சிலிண்டரினுள் ஆடியது. பின்னரே உண்மை விளங்கியது. 90 என்னும் அதே பெயரில் ஹொண்டா இருவேறு எஞ்சின்களைச் செய்துள்ளது. முன்னையது 50 மி.மீ. விட்டமும் 45.6 மி.மீ. வீச்சும் உடையது, கொள்ளளவு 89.5 கன சென்ரிமீற்றர். பின்னையது 47 மி.மீ. விட்டமும் 49.5 மி.மீ. வீச்சும் உடையது, கொள்ளளவு 85 கன சென்ரிமீற்றரைச் சார்ந்தது. எமது வண்டி முன்னையது, வாங்கியது பின்னையதற்குரியது. ஆதலின் முதலாம் விதி: பெயரைச் சொல்லிக் கேளாது, அளவைச் சொல்லிக் கேட்க. பழைய பாகத்தை எறியாது கையோடு கொண்டு செல்க.

இரண்டாம் விதி: உலகப் பொதுவான பாகங்களுக்கு வண்டியின் பெயரே வேண்டியதில்லை. குண்டுப் போரிங்கின் விளிம்பிற் பொறித்த இலக்கமே அதன் முகவரி. 6201 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 32, தடிப்பு 10 மி.மீ.; 6301 என்றால் 12, 37, 12 மி.மீ. நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு விற்கும் போரிங் இலக்கமும் தரமும் ஒத்தால் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். ஒயிற் சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என மூன்று எண்கள் இருக்கும். சங்கிலியில் 420, 428 எனவரும் இலக்கங்களின் முதலெண் 4, கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம் என்பதைக் குறிக்கும். எஞ்சியவை அகலத்தைக் குறிப்பன. 420இன் அகலம் கால் அங்குலம்; 428இனது அதனிலும் சற்றுக் கூடியது. ரயரில் 2.50–17 என்றிருப்பின் அகலம் இரண்டரை அங்குலம், வளையத்தின் விட்டம் 17 அங்குலம். ரயரின் பக்கத்திலுள்ள நான்கெண் முத்திரையையும் பார்க்க. 1823 என்றால் 2023ஆம் ஆண்டின் 18ஆவது கிழமையிற் செய்தது. கடையிற் பல ஆண்டு கிடந்து வெடித்த ரயரைப் புதிதென்று வாங்காதிருக்க இது உதவும்.

மூன்றாம் விதி: ஹொண்டாவின் பாக இலக்கத்தை வாசிக்கக் கற்க. அது மூன்று கூறுகளாக எழுதப்படும். முதற்கூறிலுள்ள ஐந்து எண்கள் பாகம் எதுவென்பதைச் சொல்லும். உதாரணமாக 13101 பிஸ்ரனையும் 13011 வளையத் தொகுதியையும் குறிக்கும். நடுக்கூறு அது எந்த வண்டிக்கென முதலில் ஆக்கப்பட்டதென்பதையும், இறுதிக்கூறு அதன் திருத்த வகையையும் காட்டும். நடுக்கூறு வேறு வண்டியைச் சுட்டினும், உமது வண்டியின் பாகப்பட்டியலில் அவ்விலக்கமே இருக்குமாயின் அது பொருந்தும். கிடையாதென்று கைவிட்ட பாகம் வேறொரு வண்டியின் பெயரிற் கடையின் தட்டிலேயே கிடக்கக்கூடும்.

தேடுமிடங்களைப் பொறுத்தவரை, கேபிள், பிறேக் சூ, பிளக் முதலியன கிளிநொச்சி, வவுனியா நகரங்களிலேயே கிடைக்கும். அவற்றுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து ஸ்ரான்லி வீதியும், அங்கும் இல்லையேல் கொழும்புப் பஞ்சிகாவத்தையும் உள. இறக்குமதியாகும் மாற்றுப் பாகங்களில் நல்லனவும் உண்டு, தீயனவும் உண்டு. காந்தம் ஒட்டிப் பார்த்தலும், பழையதோடு நிறுத்துப் பார்த்தலும், நூலளவியால் மூவிடத்தில் அளத்தலும் எளிய சோதனைகள். பிறேக், ரயர், சில்லுக்கம்பி ஆகியவற்றில் மலிவு தேடுதல் உயிரோடு விளையாடுதலாகும். அலங்காரப் பாகங்களிற் சிக்கனம் செய்க. இருக்கையை உள்ளூர்த் தையற்காரரும் புகைபோக்கியை உள்ளூர் ஒட்டுவேலைக்காரரும் செம்மையாகச் செய்து தருவர்.

பழையன யாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமோ?

இவ்வினா எம்மிடையே பெரும் விவாதத்தை எழுப்பிற்று. காபரேற்றரைக் கழற்றியபோது அதன் அடியில் இருந்த தடுப்புத்தாள் கடையில் வாங்கியதன்று. பாடசாலை இடாப்பின் தடித்த மட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டியது. இடாப்பின் கோடுகள் அதில் இன்னும் தெரிந்தன. பின்கவசத்தின் அடியிலிருந்த இறப்பர் பழைய லொறி ரயரிலிருந்து அறுத்தது. தடைக்காலத்தில் இவற்றைச் செய்த கை ஆசிரியருடையது. மாற்றாது விடுவோமென்றனர் சிலர். பாதுகாப்பே பெரிதென்றனர் சிலர். ஈற்றில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஓட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் இன்றியமையாதன யாவும் புதியன; கேடு விளைவிக்காதன பழையபடியே இருக்க. லொறி ரயர் இறப்பர் இன்றும் அவ்விடத்திலேயே உள்ளது. மட்டைத் தடுப்புத்தாள் பெற்றோல் கசியவிட்டதனால் புதியது வைத்தோம்; பழையதைத் தாயாரிடம் கொடுத்தோம். அவர் அதனைப் பதிவுப் புத்தகத்தினுள் வைத்திருக்கின்றார்.

இத்தகைய வேலை வெறும் பொழுதுபோக்கன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு முதல் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிழமைக்கு 4 லீற்றரே பங்கீடாகக் கிடைத்தபோது, சிறிது குடித்து நெடுந்தூரம் செல்லும் இவ்வகை வண்டி வைத்திருந்தோர் தொழிலுக்குத் தடையின்றிச் சென்று வந்தனர். வயலுக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் இடையே நெடுந்தூரமுள்ள வன்னியில் ஓடும் வண்டியொன்று குடும்பத்தின் ஒரு தூணாகும்.

2013ஆம் ஆண்டு முதல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவும் உள்ளது. நம் கல்லூரி மாணவர் நான்கு அடிப்பு எஞ்சினைப் படத்திற் கற்பதோடு நில்லாது, கழற்றிப் பூட்டவும் பழைய எஞ்சின் ஒன்றேனும் ஆய்வுகூடத்தில் இருத்தல் நன்று. இரும்பு வியாபாரியிடம் செல்லும் ஒன்றைப் பழைய மாணவர் எவரேனும் கல்லூரிக்கு ஈந்தால் இவ்வாண்டு மலரின் நோக்கங்களுள் ஒன்று நிறைவேறியதாகும்.

எமது வண்டி வேலை தொடங்கி ஏழாம் மாதத்தில், பதினொராம் உதையில் உயிர் பெற்றது. முதலில் வெண்புகை கக்கியது. பின் சீராக ஒலித்தது. அடுக்களையில் நின்ற தாயார் வெளியே வந்து பார்க்கவில்லை. சிறிது நேரஞ் சென்று, “சத்தம் அதேதான்” என்று மட்டும் சொன்னார். வருமான உத்தரவுப் பத்திரமும் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் பெற்றபின், நண்பர் அவ்வண்டியிலேயே நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகின்றார்.